சிவப்பு வளையம் போட்ட தட்டு

போன மாதம் ரஜனி போன் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு விடுதிக் குசினியின் பொறுப்பு அவளுடைய கையில்தான் இருக்கிறது.

"பரமக்கா, நம்ம கலைச்செல்வி மாதிரியே ஒரு புள்ள வந்திருக்குக்கா. டொக்டர் கடுதாசியும் கொண்டாந்திருக்கு. அப்ப நாம என்னென்ன செஞ்சோம்னு ஒருக்கா எழுதி அனுப்புங்களேன். எனக்குப் பாதி மறந்துபோச்சு."

"மறந்தது நல்லதடி. நாங்கள் செய்ததிலை பாதி பிழை."

"அதயும் சேத்து எழுதுங்க. அதுதான் எனக்கு வேணும்."

அவளுக்கென்று ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுபோய்விட்டது. விடுதிகளில் சமைக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அப்படியே விடுகிறேன். எங்களுடையது வன்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதி. அதற்கு மேல் அடையாளம் தேவையில்லை. பிள்ளையின் பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சமையலை எவரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. முகாமில் இருந்த காலத்தில் பொதுச் சமையலுக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன். நூறு பேருக்குச் சோறு வடிக்கப் பழகியவளுக்கு இருநூறு பேர் பெரிய காரியமில்லை. ஊர் திரும்பியபின் விடுதியில் காய் வெட்டுகிறவளாகச் சேர்ந்து, காலப்போக்கில் பொறுப்பாளராக ஆனேன். விட்டுப்போன வாசிப்பைத் திரும்பப் பழகியதும் குசினியில்தான். பெட்டிகளிலும் பைகளிலும் இருக்கிற எழுத்துகள்தான் எனக்குப் பாடப் புத்தகம். ஆட்கள் சொல்வது மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. எங்களுக்கு விறகு இறக்குகிற அண்ணர் ஒருவர், பட்டமளிப்பு நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். "இந்தப் பிள்ளையள் படிச்சுக் கிழிச்சதிலை எனக்கும் பங்கு இருக்குது தங்கச்சி. அரைவாசிக் காட்டை எரிச்சுத்தான் இவை பட்டம் எடுத்தவை" என்பார்.

வருத்தக்காரப் பிள்ளைகளுக்கு, நோயுள்ளவர்களுக்கு, வேறுவிதமாகச் சமைக்க வேண்டும் என்று முதலில் எங்களுக்கு உறைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாமிப் படத்துக்கு விளக்கேற்றித் தீபம் காட்டிய பிறகுதான் இரவுச் சாப்பாடு போடுவோம். பூசைக்குப் பொறுப்பான பிள்ளைகள் வரப் பிந்திவிட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பிள்ளை, சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து நின்றவள், வியர்த்துக் கொட்டி அப்படியே சரிந்துவிட்டாள். சீனித் தண்ணீர் கொடுத்து எழுப்பினோம். அவள் ஊசியைப் பற்றி எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. நாங்களும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் வார்டன் மிஸ் குசினிக்கு வந்தா. அவாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாளும் குரலை உயர்த்தாத மனுசி. பிழை நடந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பா. துடைத்துக்கொண்டே "அப்ப?" என்று கேட்பா. அவ்வளவுதான். மிச்சத்தை நாங்கள் சொல்ல வேண்டும். பத்து நிமிடமானாலும் காத்துக்கொண்டு நிற்பா. திட்டு வாங்கினால் வாங்கியதோடு முடிந்துவிடும். இந்த "அப்ப?"வில் இருந்து தப்புவது பெரும் பாடு.

அன்றைக்கும் துடைத்தா. "அப்ப?"

"ஊசி போடுற பிள்ளைக்கு முதல் சாப்பாடு மிஸ். சாமிக்கு முதலே."

"சாமி கோவிக்க மாட்டாரோ?"

"கோவிச்சால் என்னோடை கதைக்கட்டும்."

மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டா. அதுதான் எங்கள் விடுதியின் முதலாவது சட்டம். எழுதாத சட்டம்.

கலைச்செல்வி வந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. உடையார்கட்டுப் பக்கம் வீடு. அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத் தோட்டத்தில் இருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். பிள்ளை சிறு உருவம். கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, பதினைந்து வயதுப் பிள்ளை போல இருப்பாள். காலையில் பேக்கரிப் பாண் என்றால் இரண்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இரவில் பிட்டு, இடியப்பம் என்றால் சாப்பாட்டுச் சாலைப் பக்கமே வரமாட்டாள். மத்தியானச் சோறு மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுவாள்.

மெலிய ஆசைப்படுகிற பிள்ளை என்று நினைத்தேன். ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் பகிடி விட்டேன். "என்ன பிள்ளை, சோறு மட்டும்தான் தொண்டைக்குள்ளாலை இறங்குமோ? மெலியிறதுக்கு உன்ரை உடம்பிலை என்ன கிடக்கு?"

வரிசை முழுவதும் சிரித்தது. அடுத்த நாள் மத்தியானத்துக்கும் அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் குசினிப் பின்கதவால் வந்து நின்றாள். கையில் நான்காய் எட்டாய் மடித்து முத்திரை அளவுக்குச் சுருக்கிய ஒரு கடிதம்.

"அன்ரி, மத்தவங்க இருக்கையில இத வாசிக்காதீங்க."

கடிதம் இங்கிலீசில் இருந்தது. மிஸ்தான் வாசித்துச் சொன்னா. கோதுமையில் உள்ள ஒரு சத்து இந்தப் பிள்ளையின் குடலைப் புண்ணாக்குகிறது. புண்பட்ட குடல் எந்தச் சத்தையும் உறிஞ்சாது. அதனால்தான் இரத்தம் இல்லை, உடம்பு இல்லை. இதற்குக் குளிசை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கோதுமை வாயில் படாமல் இருப்பதுதான் மருந்து. ஒரு துணிக்கை பட்டாலும் புண் திரும்பவும் வரும்.

"இதென்ன பெரிய வேலை மிஸ். பாணும் ரொட்டியும் குடுக்காமல் விட்டால் சரிதானே" என்றேன்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினா. "அப்ப பிட்டு?"

"பிட்டு அரிசிமா..."

சொல்லிக்கொண்டு போன வாய் நின்றுவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் அவித்த கோதுமை மாவை அரிசிமாவோடு சேர்த்துக் குழைப்பது என்னுடைய இந்தக் கைதான். சேர்க்காவிட்டால் பிட்டு காய்ந்து உதிரும். எல்லாக் குசினியிலும் அப்படித்தான். சேர்த்துவிட்டும் அதற்கு அரிசிமாப் பிட்டு என்றுதான் பெயர் சொல்வோம்.

"கோதுமை எங்கையெல்லாம் இருக்குதெண்டு எழுதித் தாங்கோ" என்று சொல்லி, கிழித்த கலண்டர்த் தாள் ஒன்றைத் தந்தா.

முதல் நாள் ஐந்து வரி எழுதினேன். பாண், ரொட்டி, பிட்டு, இடியப்பம், நூடில்ஸ். பிறகு ரஜனியும் நானும் களஞ்சிய அறைக்குள் புகுந்து ஒவ்வொரு பெட்டியையும் திருப்பித் திருப்பி வாசித்தோம். ரஜனியும் மலையகத்து வழி வந்தவள்தான். என்னை விடப் படித்தவள். கண்ணும் கூர்மை.

"அக்கா! பெருங்காயத்துக்குள்ளயும் கோதும மாவாம்!"

"அதுக்குள்ளை அதுக்கு என்னடி வேலை?"

"எனக்கென்ன தெரியும்? போட்டிருக்கான், இங்க பாருங்க."

ரசம், சாம்பார், பருப்பு என்று பிள்ளை நம்பிச் சாப்பிட்ட மத்தியானச் சாப்பாட்டிலேயே கோதுமை இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெருங்காய டப்பாவை ரஜனி ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. சோயா மீட், பாயாசத்துச் சேமியா, ரவை, சோயா சோஸ் என்று தாள் நிரம்பிப் பின்பக்கத்துக்கும் போனது. ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்போம். அந்த அப்பளத்தையும் எழுதினோம். மாவரைக்கிற மில்லில் எங்களுக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்களோ, அது இயந்திரத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் எழுதினோம்.

பிறகு வேலை. மில் திறக்கிற நேரத்துக்கே போய், முதலில் ஒரு சுண்டு அரிசியை ஓடவிட்டு, அந்த மாவைக் கோழிக்கு என்று ஒதுக்கிவிட்டு, அடுத்ததைப் பிடிப்போம். பிட்டு அவிக்கிற பனையோலை நீத்துப்பெட்டியின் பின்னலுக்குள் மா போய் உட்கார்ந்தால் எந்தத் தும்பால் தேய்த்தாலும் வராது. வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போனபோது புதிதாக இரண்டு வாங்கி வந்தேன். அவளுக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை, தனித் தட்டு, தனிக் குவளை. மாறிவிடக் கூடாதே என்று எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்றால் வளையம் போட்டேன். சாப்பாடு போடுகிற மேசையில் பாண் வெட்டுவதால் எந்நேரமும் தூள். ஆகவே பின் விறாந்தையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, குசினி யன்னலால் அவளுக்குச் சாப்பாடு கொடுத்தேன். எங்கள் கழுவுகிற தொட்டியில் மா கரைந்த தண்ணீர். அதனால் தன்னுடைய தட்டைத் தானே குழாயில் கழுவி, சுவரில் நான் அடித்துக் கொடுத்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள்.

மூன்று மாதத்தில் பிள்ளையின் உதட்டில் நிறம் வந்தது. கிளினிக்கில் நிறை பார்த்துவிட்டு டொக்டர், "யார் உங்களுக்குச் சமைக்கிறது?" என்று கேட்டாராம். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அகப்பையைப் பிடித்த நாளில் இருந்து அப்படி ஒரு பெருமை எனக்கு வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய தகப்பன் வந்தார். ஆறுமுகம் என்று பெயர். வெள்ளைச் சட்டை, சாரம், தோளில் ஒரு பை கச்சான் கடலை. பெற்றோர் வந்தால் சாப்பாட்டுச் சாலைவரை வரலாம். நான் ஓடிப் போனேன்.

"வாங்கோ ஐயா, வாங்கோ! உங்கட பிள்ளையைப் பாருங்கோ, எப்பிடித் தெளிஞ்சிட்டாள்!"

அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. உள்ளே நூறு பிள்ளைகள் நீள மேசைகளில் இருந்து கதைத்துச் சிரித்துச் சாப்பிடுவதைப் பார்த்தார். பிறகு வெளியே அந்தச் சின்ன மேசையைப் பார்த்தார். கலை குழாயடியில் குந்தியிருந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதை ஆணியில் மாட்டினாள்.

"அந்தத் தட்டுல என்னாங்க செவப்பா?"

"அடையாளம் ஐயா. மற்றவையின்ரையோடை மாறக் கூடாது."

"அந்த மேச?"

"அதுவும் அவவுக்கெண்டுதான் போட்டது."

"எம்புள்ள உள்ளுக்க வரக் கூடாதுங்களா?"

"வராமல் இருந்தால் நல்லம் ஐயா. உள்ளுக்கை ஒரே மாத்தூள்."

அவர் தலையாட்டினார். மாத்தூளுக்கும் தன் மகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அவள் சொல்லியிருந்தது "வயித்து வருத்தம், மாத்திர தாறாங்க" என்பது மட்டும்தான்.

"புள்ள, ஒன் சாமான எடு."

"ஏம்ப்பா?"

"எடுன்னு சொன்னேன்ல."

குரலை உயர்த்தவில்லை. கலை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அவர் கச்சான் பையை மட்டும் குசினிப் படியில் வைத்துவிட்டுப் போனார். கொடுக்கவென்று கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை போலும்.

ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, கலை வரவில்லை. அவளுடைய போன் வேலை செய்யவில்லை. வரவு குறைந்தால் சோதனை எழுத விடமாட்டார்கள். சோதனைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. நான் வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டு திரிந்தேன். "என்ன மனுசனடி அது? பிள்ளை நல்லாயிருக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

ரஜனி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"எங்கப்பா பாத்திருந்தாலும் என்னயத் தூக்கிட்டுத்தான் போயிருப்பாரு."

"ஏன்?"

"அக்கா, தனித் தட்டு. வெளிய மேச. தானே கழுவித் தானே மாட்டணும். நெசமாவே ஒங்களுக்கு வெளங்கலயா?"

கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுடையது யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்துக் காணி எடுத்து நெல் விதைத்த குடும்பம். அறுவடைக்கும் நாற்று நடவுக்கும் கலையின் ஆட்கள்தான் எங்கள் வயலுக்கு வேலைக்கு வருவார்கள். தோட்டக்காட்டார் என்று வாய் கூசாமல் சொல்வோம். அவர்கள் தண்ணீர் குடிக்கவென்று எங்கள் கிணற்றடியில் ஒரு அலுமினியப் பேணி தொங்கியது. குடித்தவர்களே கழுவி மாட்ட வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் ஒரு வாய் குடித்துவிட்டு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பேணி மாட்டியிருந்ததும் ஆணியில்தான். விறாந்தைச் சுவரில், குழாய்க்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஆணி அடிக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் கைக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"நீ முதலே சொல்லியிருக்கலாமேயடி."

"நீங்க நல்லதுக்குன்னு ஓடி ஓடிச் செஞ்சீங்க. சொன்னா ஒங்களுக்கு நோவும்னு விட்டுட்டேன்."

"உனக்கு நோகேல்லையோ?"

ரஜனி வெங்காயத்தைக் காட்டிக் கண்ணைத் துடைத்தாள்.

மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேணியையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து முடிக்க அவாவுக்கு அன்று வெகுநேரம் எடுத்தது.

"அப்ப?"

"போய் மன்னிப்புக் கேட்கோணும் மிஸ்."

"கேட்பம். அதுக்கு முதல் அந்தப் பிள்ளை அங்கை என்ன சாப்பிடுறாள் எண்டு பார்ப்பம்."

அதை நான் யோசித்தே இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ் எடுத்துப் போனோம். முற்றத்தில் கச்சான் காயப் போட்டிருந்தது. ஆறுமுகம் எங்களைக் கண்டதும் எழும்பி நின்றார், உட்காரச் சொல்லவில்லை. தாய்தான் ஓடிவந்து இரண்டு கதிரையைத் துடைத்துப் போட்டா. அவாவுக்கு ஒன்றும் தெரியாது போல இருந்தது. மகள் லீவில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தா.

"பெரியவங்க ரெண்டு பேரும் இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. இருங்க, சூடா ரொட்டி சுடுறேன்."

அடுப்படியில் கலை இருந்தாள். ஒன்பது நாளில் கன்னம் திரும்பவும் ஒட்டிப்போயிருந்தது. தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டுத் தட்டிய தடித்த கோதுமை ரொட்டி கல்லில் வெந்துகொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகக் காலைச் சாப்பாடு அதுதான். இரவுக்கும் பெரும்பாலும் அதுதான். சின்ன வயதில் இருந்தே அந்தப் பிள்ளையின் வயிற்றைப் புண்ணாக்கியது எது என்று எனக்கு விளங்கியது. அதை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்பதும் விளங்கியது.

எங்களுக்கு ஆளுக்கு இரண்டு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வந்தன. பிறகு தாய் ஒரு ரொட்டியை எடுத்து ஊதி, மகளுடைய கையில் வைத்தா.

"நீயும் தின்னு புள்ள. வந்த நாள்ல இருந்து பாதி பாதியா வக்கிற. எங் கையி ருசி ஒனக்கு மறந்துபோச்சா?"

கலை ஒரு கடி கடித்தாள். மென்றபடி என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கேட்கிற பார்வை. சொன்னால் தாயின் மனம் உடையும். சொல்லாவிட்டால் பிள்ளை விழுங்கிவிடும்.

நான் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் அது பொய். எழும்பிப் போய் அவள் கையில் இருந்த ரொட்டியைப் பறித்துவிட்டேன். பறித்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை. தாய் பார்த்துக்கொண்டு நிற்கிறா. சுட்டவர்களின் கண்ணுக்கு முன்னால் கீழே வைக்க முடியாது. அவள் கடித்த பக்கமாகவே என் வாய்க்குள் திணித்தேன்.

மிஸ் தேத்தண்ணிக் குவளையை வாய்க்குக் கிட்டே வைத்தபடி அப்படியே இருந்தா.

"ஐயோ, தட்டு நெறய இருக்குங்க! புதுசா எடுங்க!" என்று தாய் சிரித்தா.

ஆறுமுகம் சிரிக்கவில்லை. முற்றத்தில் இருந்து இரண்டடி உள்ளே வந்தார்.

"என்னாங்க இது? புள்ள கடிச்சதுங்க அது. எச்சி."

"ஓம் ஐயா, தெரியும்." வாய் நிறைய ரொட்டி. "நல்ல ரொட்டி."

"அங்க எம்புள்ளய வெளிய ஒக்கார வச்சீங்க. இங்க வந்து அவ எச்சியத் திங்கிறீங்க. ரெண்டுல எது நெசம்?"

"ரெண்டும் ஒரே காரணத்துக்குத்தான் ஐயா. அதை நான் சொல்லக் கூடாது. பிள்ளை சொல்லட்டும்."

அடுப்பில் ரொட்டி கருகுகிற மணம் வந்தது. பிறகு கலை, வாயில் இருந்ததைக் கையில் துப்பிவிட்டு, தாயின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, கோதும மா எனக்கு ஒத்துக்காதும்மா. ரொட்டி திங்கக் கூடாதாம். சின்னதுல இருந்தே அதனாலதானாம் எல்லாம்."

தாயின் கை கல்லுக்கு மேல் நின்றது. "அப்ப... நானாடி ஒனக்கு...?"

வார்டன் மிஸ் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "நீங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்தனீங்கள் அம்மா. இருக்கிறதிலை நல்லதைக் குடுத்தனீங்கள். இப்பிடி ஒரு வருத்தம் இருக்கெண்டு டொக்டர்மார் கண்டுபிடிக்கவே இவ்வளவு வருசம் எடுத்தது. தாய் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? இனிக் குடுக்காமல் விட்டால் போதும். அவள் மூண்டு மாதத்திலை தேறினதை நான் கண்ணாலை பார்த்தனான்."

நான் முற்றத்துக்குத் திரும்பியிருந்த ஆறுமுகத்தாரிடம் போனேன். மாத்தூள், பாண் தூள், பெருங்காயம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்கி முடிந்தபிறகும் நெஞ்சில் ஒன்று மிச்சம் இருந்தது.

"வருத்தத்துக்காகத்தான் செய்தனாங்கள் ஐயா. ஆனால் அந்த ஆணி வருத்தத்துக்காக அடிச்சதில்லை. எங்கட கிணத்தடியிலும் அப்பிடி ஒரு ஆணி இருந்தது. உங்கட ஆக்கள் குடிக்கிற பேணி அதிலை தொங்கும். அந்தப் பழக்கத்திலை என்ரை கை அடிச்சிட்டுது. என்னை மன்னிக்கோணும்."

அவர் காய்கிற கச்சானைக் காலால் துழாவினார்.

"அந்த மாதிரிப் பேணில நானும் குடிச்சிருக்கேங்க. ஒங்க வீட்டுல இல்ல, வேற வீட்டுல." பிறகு, "தண்ணி நல்ல தண்ணிதான்" என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

"ஒன்னு மட்டும் கேக்குறேங்க" என்றார். "எம்புள்ள அங்க எல்லாரோடயும் ஒக்காந்து திங்கணும். நோவும் வரக் கூடாது. ரெண்டும் முடியுமா? முடியலன்னா இப்பவே சொல்லிருங்க. வீட்டுல அரிசி இருக்கு, படிக்காட்டியும் உசிரோட இருப்பா."

மிஸ் என் பக்கம் திரும்பினா. "அப்ப?"

எப்படி என்று தெரியாமலே "ஓம், ஏலும்" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் முழு வழியும் அதே யோசனை. பிள்ளையை உள்ளே கொண்டுவந்தால் தூள். மேசையைத் துடைத்தாலும் தூள் திரும்பவும் வரும். பாதி வழியில் மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டா: "பரமேஸ்வரி, தூள் எதிலை இருந்து வருது?"

"பாணிலை இருந்துதான் மிஸ்."

சொன்னவுடனே எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் பிள்ளையை எடுத்து வெளியே வைத்திருந்தோம். வெளியே வைக்க வேண்டியது பாணை.

ரஜனி, உனக்குத் தேவையானது இதுதான், ஆறுதலாக, அவசரப்படாமல் வாசி. பாண் வெட்டுகிற வேலை முழுவதையும் பின் விறாந்தைச் சின்ன மேசைக்கு மாற்றினோம். பாணும் ரொட்டியும் வேண்டிய பிள்ளைகள் யன்னலடிக்குப் போய் வாங்கி, அங்கேயே விறாந்தையில் இருந்து சாப்பிட வேண்டும். முதல் கிழமை முணுமுணுத்தார்கள். பிறகு அங்கே காற்று நல்லது என்று சண்டை பிடித்துக்கொண்டு ஓடினார்கள். உள்ளே சோறும் அரிசிச் சாப்பாடும் மட்டும். பிட்டு, இடியப்பம் இரண்டும் எல்லோருக்கும் தனி அரிசிமாவில். முதல் நாள் பிட்டு மணல் மாதிரி உதிர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். மாவை அளவாக வறுத்து, கொதி தணியாத தண்ணீரில் குழைத்து, கொஞ்சம் ஆறப் போட்டு, பிறகு கொத்தி அவித்தால் பஞ்சு மாதிரி வரும் என்று பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு மாதம் எடுத்தது. கறிச் சட்டிகளில் கலப்புப் பெருங்காயத்துக்கு இடமில்லை. விறாந்தையில் மா தொட்ட கை, கழுவாமல் உள்ளே வரக் கூடாது. அது சமைக்கிறவளுக்கும் சட்டம், சாப்பிடுகிறவளுக்கும் சட்டம். வளையம் போட்ட தட்டு எதுவும் இப்போது இல்லை. ஆணியை அன்றைக்கே நான் பிடுங்கிவிட்டேன்.

நான் கொடுத்த சொல்லை நம்பி அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் தகப்பன் கலையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். "உள்ள வாங்கோ ஐயா" என்றேன். "பரவால்லங்க, இங்கேர்ந்து தெரியுது" என்றார்.

அன்று பிட்டு. கலை சாப்பாட்டுக் கோப்பையை ஏந்தி வரிசையில் நின்று வாங்கி, நடு மேசையில் நாலு பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருந்தாள். விறாந்தையில் பாண் சாப்பிட்டுவிட்டு வந்த ஒருத்தி, பிட்டு வாசம் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்து அவளுடைய கோப்பைக்குள் கையை நீட்டினாள். நான் அகப்பையோடு உறைந்து நின்றேன். கலை தலையைக் குனிவாள், பேசாமல் எழும்பிப் போவாள், திரும்பவும் இரண்டு வாழைப்பழத்தோடு அறைக்குள் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"கைய எடுடி எரும!"

சாப்பாட்டுச் சாலை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஒங் கையில பாண் தூள் இருக்கு! ஒரு துணுக்கு விழுந்தாலும் எனக்குக் கொடல் புண்ணாப் போயிரும்! எனக்குக் கோதும வருத்தம், எல்லாரும் கேட்டுக்கங்க! பிட்டு வேணும்னா போய்க் கையக் கழுவிட்டு வரிசையில நில்லு!"

அவள் "ஐயோ தாயே, மன்னிச்சுக்கொள்ளு!" என்று கும்பிட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓட, மேசை முழுவதும் சிரித்தது. கலையும் சிரித்தாள். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. வாசலைப் பார்த்தேன். ஆறுமுகத்தார் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கையால் காட்டிவிட்டு, திரும்பி நடந்துகொண்டிருந்தார்.